வீட்டுக் கட்டளைகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்து வைத்தல்



ஊரை விட்டு வந்து கணவனும் மனைவியும் உழைக்கும் நம் போன்ற குடும்பங்களில், பகலில் வீட்டைக் காப்பவர் பெரும்பாலும் வயது முதிர்ந்த தாயோ தந்தையோதான். அவர்களுக்கு உதவியாக, சிறிய கணினி ஒன்றில் ‘ஹோம் அசிஸ்டன்ட்’ என்னும் மென்பொருளை அமைத்துக்கொண்டவர்கள் நம் சங்கத்திலும் சிலர் உளர். 2013-ஆம் ஆண்டு பௌலஸ் ஸ்கௌட்சன் என்பவர் தொடங்கிய இம்மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது. அதனை உபயோகித்து நான் செய்த பிழையொன்றையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் இம்மாதம் கூற விரும்புகிறேன்.

என் வீட்டில் அதற்கு மூன்று வேலைகள். தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்த வேண்டும். அந்தி சாய்ந்ததும் வாசல் விளக்கை ஏற்ற வேண்டும். இரவு எட்டு மணிக்கு, அம்மா இரத்த அழுத்த மாத்திரையை உண்ண மணி அடிக்க வேண்டும். மாத்திரை உண்டதும் அம்மா ஒரு பொத்தானை அழுத்துவார். பதினைந்து நிமிடத்திற்குள் அழுத்தாவிடில் எனக்குச் செய்தி வரும். நான் ஆபீசிலிருந்து தொலைபேசியில் அழைத்து நினைவூட்டுவேன்.

இவற்றுக்கான கட்டளைகள் அனைத்தையும் ஒரே நீண்ட கோப்பில் எழுதியிருந்தேன். டைமர்கள் எல்லாம் ஓரிடம், பொத்தான்கள் ஓரிடம், செயல்முறைகள் வேறோரிடம். ஒரு ஞாயிறன்று பழைய மோட்டாரை மாற்றியபோது, அதற்குரியதென்று எண்ணி ‘டைமர் இரண்டு’ என்பதை அழித்துவிட்டேன். கோப்பைச் சோதித்துப் பார்த்தேன். பிழையில்லை என்றே வந்தது. இல்லாத டைமரின் பெயர் வேறோரிடத்தில் எஞ்சியிருப்பதை அச்சோதனை கண்டுபிடிப்பதில்லை.

அது அம்மாவின் மருந்துக்குரிய டைமர். அடுத்த இரு இரவுகள் மணி அடித்தது. அம்மாவோ கீழ்வீட்டுப் பஜனையில் இருந்தார். எனக்குச் செய்தி வரவில்லை. செய்தி வராததால் உண்டுவிட்டார் என்றே இருந்தேன். மூன்றாம் நாள் காலை அம்மா தலைசுற்றி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி மாத்திரைப் பட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தாள். இரண்டு மிகுதியாக இருந்தன. டாக்டர் வந்து பார்த்துச் சென்றார். பெருந்தீங்கு நேரவில்லை என்பது எங்கள் பாக்கியம்.

அன்றிரவே கோப்பைப் பிரிக்க உட்கார்ந்தேன். இம்மென்பொருளில் ‘பேக்கேஜ்’ என்றொரு வசதி உண்டு. கட்டளைகளை அவற்றின் இனத்தைக் கொண்டு பிரிக்காமல், பயனைக் கொண்டு பிரிப்பதே அதன் தத்துவம். மருந்துக்கான டைமர், பொத்தான், மணி, செய்தி ஆகிய நான்கும் ஒரே கோப்பில் இருக்கும். மோட்டாருக்கு ஒரு கோப்பு, விளக்குக்கு ஒரு கோப்பு. இம்மூன்றையும் ஓர் உறையில் இட்டு, அவ்வுறையிலுள்ள யாவற்றையும் சேர்த்துக்கொள்ளும்படி மூலக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். மோட்டார் மாறினால் மோட்டார்க் கட்டை மட்டுமே தொடுவோம். அச்சு சூடேறிய வாகனைக் கழற்றி ஓரப்பாதையில் நிறுத்திவிட்டு, மற்ற வண்டியை அனுப்புவது போன்றதுதான் இது. நாளை எனக்கு மாற்றல் உத்தரவு வந்தால் மோட்டார்க் கட்டு இங்கேயே தங்கும். மருந்துக் கட்டு எங்களுடன் வரும்.

செய்ய முற்படுவோர் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலில் பழைய கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘டைமர் இரண்டு’ என்பன போன்ற பெயர்களை விடுத்து, ‘அம்மா மருந்து டைமர்’ என்று பொருள் விளங்கப் பெயரிடுங்கள். கோப்பின் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இருக்கட்டும். சொற்களுக்கிடையே இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு இடுங்கள். வரிகளை உள்தள்ளுவதற்கு இடைவெளிப் பொத்தானையே உபயோகியுங்கள். ‘டேப்’ பொத்தான் உதவாது. கடவுச்சொற்களைக் கட்டுகளில் எழுதாமல் அவற்றுக்கென உள்ள இரகசியக் கோப்பில் வையுங்கள். அப்போது நண்பர் கேட்டால் கட்டைத் தயக்கமின்றிக் கொடுக்கலாம். கட்டுகளில் எழுதிய செயல்முறைகளைத் திரையின் வழியே திருத்த இயலாது. கோப்பிலேயே திருத்த வேண்டும். எழுத்துப்பிழை ஒரு கட்டில் இருந்தாலும் முழு அமைப்பும் தொடங்காமல் நின்றுவிடக்கூடும். ஆதலால் ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் சோதனை செய்து, அதன்பின்னரே மறுதொடக்கம் செய்யுங்கள்.

சோதனையோடும் நின்றுவிடாதீர்கள். இப்போது மருந்துக் கட்டைத் தொட்டால், மணியை அடிக்கவிட்டுப் பொத்தானை அழுத்தாமல், செய்தி வருகிறதா என்று பதினைந்து நிமிடம் காத்திருந்து பார்க்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இயந்திரம் வந்தபின், “அம்மா, மருந்து சாப்பிட்டாயா?” என்று கேட்கும் வழக்கத்தையே நாங்கள் விட்டுவிட்டிருந்தோம். இப்போது இரவு டியூட்டியிலிருந்து தினமும் அழைக்கிறேன். “மணிதான் அடிக்கிறதே, நீ வேறு எதற்கடா?” என்று அம்மா கடிந்துகொள்கிறார். ஆயினும் எட்டு மணிக்குத் தொலைபேசியின் அருகிலேயே அமர்ந்திருக்கிறார் என்று மனைவி சொல்கிறாள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.