பாட்டுப் புத்தகங்களுக்கு ஓர் அறை

1944-ஆம் ஆண்டு. சிறுகூடல்பட்டி முத்தையாவுக்கு வயது பதினேழு. புதுக்கோட்டையிலிருந்து வெளிவந்த ‘திருமகள்’ இதழில் வேலை கேட்டுப் போனபோது, எந்தப் பெயரில் எழுதுகிறீர்கள் என்று கேட்டார்கள். சொல்லிக்கொள்ளும்படி ஒரு பெயரும் அப்போது அவரிடம் இல்லை. பாரதிதாசனும் கம்பதாசனும் கொடிகட்டிப் பறந்த காலம். வாயில் வந்தது ‘கண்ணதாசன்.’ மெய்ப்புத் திருத்தப் போனவர், சின்னாளில் தலையங்கம் எழுதினார். ஆசிரியர் பொறுப்பும் வந்து சேர்ந்தது.

இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. கையில் கிடைத்த இதழையெல்லாம் வாசித்துத் தீர்த்த பித்து அந்தப் பையனுக்கு இருந்தது. கதவு தற்செயலாகத்தான் திறந்தது. உள்ளே நிலைத்து நிற்க வைத்தது அந்தப் பித்து.

புதுக்கோட்டை மண்ணில் இப்படிப்பட்ட சின்னச் சின்ன அதிர்ஷ்டங்கள் நிறைய. ராயவரத்தில் 1922-இல் பிறந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா, கடியாபட்டிப் பள்ளிக்கு நடந்தே போய்வந்தவர். வழியில் ஒரு கொட்டகை. அதில் ‘வனராஜா கார்ஸன்’ என்ற படம். டார்ஜான் பாணியில் 1938-இல் வந்த காட்டுப் படம் அது. டிக்கெட் விலை விவரத்தையே பாட்டாகக் கட்டிக் கூட்டாளிகளோடு பாடிக்கொண்டே பள்ளிக்கு நடந்தார் வள்ளியப்பா. பின்னாளில் சென்னையில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை ‘சக்தி’ இதழ் அலுவலகத்தில். அதை நடத்திய வை. கோவிந்தனும் ராயவரத்துக்காரர்தான். அங்கே ஆசிரியராக இருந்த தி. ஜ. ர. எழுதத் தூண்டினார். வழியில் அந்தக் கொட்டகையும் சென்னையில் ஊர்க்காரரின் அலுவலகமும் வாய்க்காமல் போயிருந்தால், தமிழ்க் குழந்தைகளின் வாய்ப்பாட்டு வேறு மாதிரி இருந்திருக்கும்.

நடிகர் பி. யு. சின்னப்பாவும் புதுக்கோட்டைக்காரர். நாடகக் கம்பெனியில் பாடிக்கொண்டிருந்த சிறுவனுக்குக் குரல் உடைந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை, விடாப்பிடியான பயிற்சியால் தொடர்ந்தது. 1940-இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் இரட்டை வேடம், 1942-இல் ‘கண்ணகி’யில் கோவலன். 1951-இல், முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார்.

இவர்கள் எழுந்து வருவதற்கு அதிர்ஷ்டம் துணைநின்றது சரி. இவர்கள் விட்டுச் சென்றவற்றைக் காப்பாற்றும் வேலையையும் அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டியிருக்கிறோமே, அது சரியில்லை.

அந்தக் காலத்துப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்கள். எரிந்தவை போக, வெள்ளிக்காக உருக்கப்பட்டவை பல. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. தொலைந்த படங்களைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி பாட்டுப் புத்தகங்களிலிருந்து வந்தது. கொட்டகை வாசலில் மலிவு விலைக்கு விற்ற அந்த மெல்லிய தாள்களில் நடிகர் பட்டியல் இருக்கும், பாடல்கள் இருக்கும், ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று பாதியில் நிற்கும் கதைச் சுருக்கமும் இருக்கும். பழைய பேப்பர் கடை மூட்டையில் அதைக் கண்டெடுக்க, அதன் அருமை தெரிந்த ஒருவர் சரியான நாளில் அங்கே போயிருக்க வேண்டும்.

அப்படிப் போனவர்களைத்தான் ஊர் ‘பைத்தியம்’ என்கிறது; அவர்களும் மகிழ்ச்சியோடு அந்தப் பெயரை ஏற்றுக்கொள்கிறார்கள். புதுக்கோட்டையின் திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்ற ஆசிரியத் தம்பதியர் சொந்தப் பணத்தில் உருவாக்கிய ‘ஞானாலயா’ நூலகம் அந்தப் பித்தின் உச்சம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள். முதல் பதிப்புகள், நின்றுபோன சிற்றிதழ்கள். ஆய்வு மாணவர்கள் தேடிவரும் இந்த இடத்தை உண்டாக்கியது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை, ஒரு குடும்பம்.

சேகரிப்பாளரின் உழைப்பை அரசு மதித்ததற்கு முன்னுதாரணம் இருக்கிறது. எம்.ஜி.ஆரின் அலுவலகத்தில் கண்ணில்பட்ட ‘நாடோடி மன்னன்’ படங்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டுமா என்று கேட்டவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 1958-இல் வந்த அந்தப் படத்தோடு தமிழ் சினிமாவில் மக்கள் தொடர்பாளர் என்ற தொழிலே பிறந்தது. வாழ்நாள் முழுக்க அவர் சேர்த்த படங்களையும் தகவல்களையும் பின்னாளில் தமிழக அரசு வாங்கிக்கொண்டது.

புதுக்கோட்டைக்கும் அந்த அக்கறை வேண்டும். அதே திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சிற்பங்களும் செப்பேடுகளும் பாடம் செய்த விலங்குகளும் உள்ள அங்கே, சின்னப்பாவின் பாட்டுப் புத்தகங்களுக்கும் ‘திருமகள்’ இதழ்களுக்கும் வள்ளியப்பா நடத்திய சிறுவர் இதழ்களுக்கும் ஓர் அறை ஒதுக்கலாம். வீட்டுப் பரணில் இருப்பதைக் கொண்டுவருபவர்களிடம் பக்கங்களை ஒளிவருடி அன்றே திருப்பித் தந்தால், தயங்காமல் கொடுப்பார்கள். ஞானாலயாவின் அரிய இதழ்களை மின்மயமாக்க ஆளும் கருவியும் பணமும் தருவதிலிருந்து மாவட்ட நிர்வாகம் இந்த ஆண்டே தொடங்கலாம். தாள் ஏற்கெனவே பொடிந்துகொண்டிருக்கிறது.