கணக்கேட்டைத் திறப்போம்!

"நட்டம்" என்கிறார் ஆலை அதிபர்! ஐந்தொகையை நீட்டுகிறார். அடியிலே ஆடிட்டரின் கையொப்பம்! எண்களைக் கண்டதும் வாயடைத்து நிற்கிறோம். நிற்கலாமா, தோழர்களே?

நாமே ஒரு கணக்குப் போடுவோம். எந்திரம் 10 லட்சம் ரூபாய். 10 ஆண்டு உழைக்கும். ஆண்டுக்கு 1 லட்சம் தேய்மானம் என்று எழுதுவர். சரக்கு விற்றுக் கைக்கு வந்தது 8 லட்சம். பஞ்சுக்கும் கூலிக்கும் வட்டிக்கும் கொடுத்தது ஏழரை லட்சம். பெட்டியிலே அரை லட்சம் ரொக்கம் மீதி! தேய்மானத்தைக் கழித்ததும் ஏட்டிலே அரை லட்சம் நட்டம்!

தேய்மானம் பொய்யா? அல்ல! நாளை புது எந்திரம் வாங்க வேண்டும், மறுக்கவில்லை நாம். ஆனால் அதே எந்திரம் 5 ஆண்டிலே தேய்ந்துவிடும் என்றெழுதினால், நட்டம் ஒன்றரை லட்சமாகும்! எந்திரம் அதே எந்திரம், ரொக்கம் அதே ரொக்கம், எழுதுகோல்தான் வேறு!

அதனால்தான் 1965-ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம், அதிபர் விரும்பும் தேய்மானத்தை அல்ல, வருமான வரிச் சட்டம் ஏற்கும் தேய்மானத்தையே கழிக்கச் சொன்னது. 8.33 சதவீதமா, 20 சதவீதமா என்ற வழக்கிலே இந்தக் கழித்தலுக்கும் பங்குண்டு!

எந்திரத்தின் தேய்மானத்துக்கு ஏட்டிலே இடமுண்டு. உழைப்பவன் உடல் தேய்கிறதே, அதை எழுத எந்த ஏட்டிலே இடம்?

கேட்போம்! கேட்குமுன் கற்போம்! சங்கத்துக்கு இருவரேனும் கணக்குப் பயிலட்டும். ஒரு கையிலே கொடி. மறு கையிலே கணக்கேடு!