அந்திக் கோப்பையும் அதியமான் சான்றும்

என்பால் தமிழ் பயின்ற தம்பி ஒருவர் இன்று அருள்புரத்துப் பின்னலாடைப் பணிமனையொன்றில் துணிவெட்டும் பிரிவுக்குப் பொறுப்பாளராயிருக்கிறார். பிள்ளைகளுக்குத் தூய தமிழ்ப்பெயர் சூட்டியவர்; தம் திருமண அழைப்பில் ஒரு பிறமொழிச் சொல்லும் புகாமற் காத்தவர். சென்ற திங்கள், கூலி வாங்கிய காரிக்கிழமை மாலையில் என்னைக் கண்டவர், பேச்சிடையே, “பொழுது சாய்ந்தபின் ஒரு காற்புட்டி விசுக்கி உள்ளே போனால்தான், ஐயா, உடல்நோவு தீர்கிறது. ஔவையும் அதியமானும் அருந்தாததா? இதுவும் தமிழர் மரபுதானே?” என்று சொல்லி நகைத்தார். எனக்கு நகை வரவில்லை. இவ்வினா அவர் ஒருவருடையதன்று. நம் இயக்க இளைஞர் பலர் வாயில் இன்று புழங்குவது. ஆதலின் அவருக்குச் சொன்ன விடையை எல்லார்க்குமாக இங்கு எழுதுகின்றேன்.

முதற்கண் ஒன்றை ஒப்புக்கொள்கின்றேன். அவருடைய களைப்பு பொய்யன்று. காலையிற் புகுந்து, ஒன்றரை முறைவேலை என்னும் பெயரால் பன்னிரண்டு மணிநேரம் நின்றபடியே துணியடுக்கை வெட்டிய கைக்கும், சாயப்பட்டறையின் ஆவியில் வெந்த உடம்புக்கும் அந்தியில் ஓர் இளைப்பாறல் வேண்டும். நிழலில் நின்று பாடஞ்சொல்லும் நான் அதனை மறுக்கத் தகுதியுடையேன் அல்லேன். என் வினா வேறு: இளைப்பாறலாகக் கொள்ளப்படுவது இளைப்பாறல்தானா?

அதியமான் சான்றை எடுத்துக்கொள்வோம். கழக நூல்களிற் கள்ளும் தேறலும் நறவும் உள. அவற்றை மறைப்பது புலமைக்கு அழகன்று. ஆயின் புறநானூற்று 235ஆம் பாடலின் பொருள் யாது? அதியமான் மாய்ந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலை அது. சிறிதளவே கிடைத்தபோது தனக்கென வைத்துக்கொள்ளாமல் பாடுவார்க்குக் கொடுத்தவன் என்று அவன் ஈகையை நினைந்து அழுகிறார் ஔவையார். அங்குப் போற்றப்படுவது கொடை, கள்ளன்று. மனைவி மக்கட்குரிய கூலியிற் பாதியைக் கடைச் சாளரத்திற் கொடுத்துவிட்டுத் தனித்திருந்து பருகுவான் அப்பாடலைத் துணைக்கழைப்பது, கொடைஞனைக் கருமியின் வழக்கிற்குச் சான்றாளனாக்குவது போலாம்.

இனி, அப்புட்டியில் இருப்பது யாது? விசுக்கி என்பது கேலிக்கு மொழியில் ‘உயிர்நீர்’ எனப் பொருள்படும் தொடரின் சிதைவு. மேலைநாட்டில் அது கூலங்களினின்று வடிக்கப்படுவது. நம் கடைகளில் மலிவாய் விற்பதிற் பெரும்பகுதியோ கரும்பாலைக் கழிவுப்பாகினின்று வடித்த எரிசாராயத்திற்கு நிறமும் மணமும் ஊட்டியது. அதனை ஐரோப்பிய ஒன்றியத்தில் விசுக்கி என்று பெயரிட்டு விற்கவும் சட்டம் இடந்தராது. 180 மில்லி இலிட்டர்க் காற்புட்டியில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயம்; அஃதாவது, ஏறத்தாழ 77 மில்லி இலிட்டர் தனிச்சாராயம். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1988ஆம் ஆண்டிலேயே குடிவகைகளைப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் முதல் வகுப்பில் வைத்தது. தீங்கற்ற அளவென ஒன்று இல்லை என்று உலக நலவாழ்வு அமைப்பு 2023இல் அறிவித்தது. ‘அளவோடு குடித்தால் நலம்’ என்பார்க்கு இதற்குமேல் விடை வேண்டா.

வள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’யை எங்கு வைத்தார் என்பதையும் எண்ணிப் பார்க்க. துறவறத்தில் வைத்தாரல்லர், பொருட்பாலில், சூதுக்கு முன்னதாக, 93ஆம் அதிகாரமாக வைத்தார். ஆகவே அது துறவிக்கு விதித்த நோன்பன்று. நாடாள்வாரும் பொருளீட்டுவாரும் பேணவேண்டிய நெறி. நம் நாடாண்டார் அதனை எங்ஙனம் பேணினர்? 1937இல் இராசாசி அரசு சேலம் மாவட்டத்திற் குடிவிலக்கைக் கொணர்ந்தது. அதனால் நேரும் வருவாயிழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனைவரி வந்தது. 1948இல் மாகாணம் முழுதும் விலக்கு பரவியது. 1971இல் விலக்கு தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடியும் அகன்றது. குடிவிலக்குக்காக வந்த வரியோ அகலவில்லை! 1983இல் தமிழ்நாடு மாநில வாணிகக் கழகம் தோன்றியது. 2003இற் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. 2023-24ஆம் ஆண்டில் மட்டும் இவ்வழியில் அரசுக்கு வந்தது 45 ஆயிரங்கோடி உருபாவுக்கு மேல். பணிமனை முதலாளி கொடுத்த கூலியை அன்று மாலையே அரசு திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு உண்டா?

தமிழன்பர் நெஞ்சைச் சுடவேண்டிய செய்தி இன்னொன்றுண்டு. ‘தமிழ்நாடு’ என்னும் பெயருக்காக விருதுநகரில் 1956ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கினார் ஈகி சங்கரலிங்கனார். அக்தோபர் 13ஆம் நாள் உயிர் துறந்தார். அவர் முன்வைத்த 12 கோரிக்கைகளுள் நாடெங்கும் குடிவிலக்கு வேண்டுமென்பதும் ஒன்று. 1969இல் அப்பெயர் கிடைத்தது. அவர் உயிர்விலையாக ஈட்டிய அப்பெயரின் ஆங்கில முதலெழுத்துகளாலன்றோ இன்று குடிக்கடைக்குப் பெயர் வழங்குகிறது! பெயர்ப்பலகையிற் பிறமொழி எழுத்தைக் கண்டாற் சினக்கும் நாம், அக்கடையின் முன் மட்டும் வாய்மூடி வரிசையில் நிற்பது எத்துணை இழிவு!

‘கடையை மூடினாற் கள்ளச்சாராயம் பெருகும்’ என்பர். 2023இல் மரக்காணத்திலும் 2024இற் கள்ளக்குறிச்சியிலும் நச்சுச் சாராயம் உயிர்களைப் பறித்தபோது அரசுக் கடைகள் திறந்தேயிருந்தன. கள்ளக்குறிச்சியில் மட்டும் மாண்டோர் அறுபதின்மருக்கு மேல். கள்ளச்சாராயத்தை ஒழிப்பது காவலின் கடமை, கடையின் கடமையன்று. ‘கள்ளை மட்டும் விலக்கிச் சீமைச்சாராயத்தை விற்பது முறையா?’ என்று கேட்பாரும் உளர். முறையன்று. பனையேறிகளின் பிழைப்பு தனித்து ஆராயவேண்டிய வழக்கு. ஆனால் அவ்வழக்கைக் காட்டி விசுக்கிப் புட்டியைத் திறப்பவர், பனையேறிக்காகப் பேசவில்லை, தமக்காகவே பேசுகிறார்.

நெடுஞ்சாலைகளினின்று கடைகளை அகற்ற 2016இல் உச்ச முறைமன்றம் ஆணையிட்டபின், அவை ஊர்களுக்குள் புகுந்தன. 2017 ஏப்பிரலில் நம் பல்லடம் வட்டாரத்துச் சாமளாபுரத்திற் பெண்கள் திரண்டு சாலையில் அமர்ந்து தடுத்தனர். காவல் உயரலுவலர் ஒருவர் ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததை நாடே கண்டது. அப்பெண்கள் புறநானூறு படித்தவரல்லர். ஆயினும் குடியால் எது அழியுமென்பதை நம்மினும் நன்கறிந்தவர். 1921இல் ஈரோட்டிற் கள்ளுக்கடை மறியலில் நின்ற நாகம்மையார், கண்ணம்மாள் ஆகியோரின் வழியினர் அவர்.

ஆகவே, தம்பியரே, உம் களைப்புக்கு மருந்து சாளரத்தின் அப்பால் இல்லை. எட்டு மணிநேர வேலைக்கு வாழத்தக்க கூலி கேளுங்கள். மிகுதி வேலைக்கு இருமடங்கு கேளுங்கள். சட்டம் உம் பக்கமே உள்ளது. மாலையில் மயங்கிக் கிடப்பவன் மறுநாட் காலையில் இவற்றைக் கேளான் என்பதை முதலாளியும் அறிவார், அரசும் அறியும். அந்தியில் மக்களோடமர்ந்து ஒரு பாடலைப் படித்துப் பொருள் சொல்லுங்கள். சோர்வு தீராதாயின் உறங்குங்கள். சொல்லிற் பிறமொழி கலவாமை தூய்மையின் முதற்படி. சொல்லுகின்ற வாய் தெளிந்திருப்பது அடுத்த படி.

அத்தம்பி விடையொன்றும் கூறாமல் விடைபெற்றார். அவர் வீட்டுக்கு நேரே சென்றாரா, வழியில் நின்றாரா என்று நான் உசாவவில்லை. அடுத்த காரிக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் புறநானூற்றுப் பாடம் தொடங்குகின்றது. 235ஆம் பாடலே முதற்பாடம். அவருக்கும் சொல்லி விட்டிருக்கின்றேன்.