தோட்டத்துப் பிள்ளைக்கு எப்போது சிக்னல் கிடைக்கும்?

2021இல் நமது ஊவாவின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் ஒன்லைன் பாடத்துக்காக மலையேறியது உலகச் செய்தியானது. கொரோனா போய்விட்டது. வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்புவது மட்டும் நிற்கவில்லை.

பதுளை டவுனில் நாங்கள் போடும் ரீலோடும், லயத்தில் கொழுந்தெடுக்கும் தாய் போடும் ரீலோடும் ஒரே விலைதான். அங்கே சிக்னல் ஒரு கோடு. மழை வந்தால் அதுவும் இல்லை. டேட்டா அப்படியே இருக்கும், நாள் முடிந்துவிடும். கிடைக்காத சேவைக்கு எதற்குக் காசு? கடையில் சீனி நிறை குறைந்தால் பேசாமல் வருவோமா?

முதலில் கம்பெனியிடம் முறைப்பாடு செய்து இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சரிவராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 1900க்கு எடுங்கள். தோட்டம், டிவிஷன் பெயரையும் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பாடசாலைக்கு வாங்க, நாங்கள் எழுதித் தருகிறோம்.