ஆறாம் மாதத்தில் தொடங்கும் பசி

ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்கிறது 2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இந்த எண்ணைச் சொன்னவுடன் பேச்சு ரேஷன் அரிசிக்கும் பள்ளி மதிய உணவுக்கும் போய்விடுகிறது. அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது: ஆறு மாதம் முதல் 23 மாதம் வரையுள்ள குழந்தைகளில் வயதுக்குப் போதுமான உணவு பெறுவோர் சுமார் 11 சதவீதம்தான். வளர்ச்சி பெரும்பாலும் தடைபடுவது இந்த ஒன்றரை ஆண்டில்தான். இதில் இழந்த உயரத்தைப் பின்னால் பள்ளியில் போடும் சாப்பாட்டால் முழுமையாக மீட்பது கடினம்.

ஆறாவது மாதம்வரை தாய்ப்பால் போதும். அதன்பின் குழந்தைக்குப் பசி பெரிது, வயிறோ சிறிது. பருப்பும் எண்ணெயும் முட்டையும் கீரையும் சேர்த்துக் கெட்டியாகக் குழைத்து, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக ஊட்ட ஒருவர் வேண்டும். வயலுக்கோ செங்கல் சூளைக்கோ விடியலில் கிளம்பும் தாய்க்கு அந்த நேரம் எங்கே இருக்கிறது? வயதான பாட்டியிடமோ, பள்ளிக்குப் போகவேண்டிய அக்காளிடமோ விடப்படும் குழந்தைக்குக் கிடைப்பது நீர்த்த கஞ்சியும் டீயில் நனைத்த பிஸ்கட்டும். இடையில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். தேறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதால் பல குழந்தைகள் எடை குறைந்தே பிறக்கின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் நான் முதன்மையான காரணமாகக் கருதுவது தாயின் நேரமின்மையைத்தான். அந்த நேரத்தை அவளிடமிருந்து பறிப்பது கூலி.

தாய்மாருக்கு விவரம் போதவில்லை என்பார்கள் சிலர். அதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. வசதியில் மேலே இருக்கும் ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களிலும் 23 சதவீதக் குழந்தைகள் உயரம் குன்றியிருக்கிறார்கள். ஆனால் அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்கில் அது 46 சதவீதம், சரியாக இரண்டு மடங்கு. அறிவுரை கேட்டுக்கொண்ட தாய்க்கும் முட்டை வாங்கப் பணமும் ஊட்டப் பொழுதும் வேண்டுமே. இந்தியர்கள் பிறப்பிலேயே குள்ளம், உலக சுகாதார அமைப்பின் அளவுகோல் நமக்குப் பொருந்தாது என்பது வேறொரு வாதம். 2006-ல் வந்த அந்த அளவுகோலுக்காக அளக்கப்பட்ட குழந்தைகளில் தெற்கு டெல்லிக் குழந்தைகளும் உண்டு. நல்ல உணவும் நல்ல பராமரிப்பும் பெற்ற அவர்கள் நார்வே, பிரேசில் குழந்தைகளை ஒத்தே வளர்ந்தார்கள். இந்த வாதம் குழந்தையின் பசியைக் கணக்கிலிருந்து அழிக்கப் பார்க்கிறது, அதனால்தான் அது என்னைக் கோபப்படுத்துகிறது.

அங்கன்வாடித் திட்டம் 1975-ல் தொடங்கியது. அங்கே உட்காரவைத்துச் சூடான சாப்பாடு போடுவது மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுதான். பசித்த வீட்டில் அது எல்லோருக்கும் பங்காகிவிடும், அதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம் மூன்று வயதுக்குட்பட்டவர்களை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைகளைத் தேடிப்பிடித்துக் கூடுதல் உணவு கொடுத்தது. அந்த அக்கறை நாடு முழுவதற்கும் இன்றும் தேவை. 2017-ல் 26 வாரமாக உயர்ந்த மகப்பேறு விடுப்பு கூலிப் பெண்ணுக்கு எட்டுவதில்லை. முதல் குழந்தைக்கு மத்திய அரசு தரும் 5,000 ரூபாய் ஆறு மாதக் கூலிக்கு ஈடாகாது.

செலவு அதிகம் என்ற மறுப்பு வரும். செலவுதான். ஆனால் உயரம் குன்றிய குழந்தை படிப்பிலும் பின்தங்கி, வளர்ந்தபின் உழைத்துச் சம்பாதிப்பதிலும் பின்தங்கும்போது அந்தச் செலவை வேறு வழியில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கூலிப் பெண்ணுக்கு ஆறு மாதக் கூலியைப் பிரசவத்துக்குப் பின் கொடுப்பதும், மூன்று வயதுக்குட்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு மூன்று வேளையும் ஊட்டும் காப்பகத்தை ஊருக்கு ஊர் நடத்துவதும்தான் முதல் வேலை. அந்தக் காப்பகம் மதியத்தோடு பூட்டப்படாமல் வயல்வேலை முடியும்வரை திறந்திருக்க வேண்டும். ஊட்டுவதற்கென்றே தனியாக ஒரு ஊழியரும், அவருக்கு முழுச் சம்பளமும் வேண்டும்.