உதிரிப்பாகம் செய்யிறவருக்கும் ஒரு சொல் உண்டு

2025 ஒக்ரோபர் 7 முதல் 9 வரை சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 'ஏரோடெஃப்கொன்' எண்ட பெயரில் ஒரு தொழில் சந்தை நடந்தது. விமான, விண்வெளி, பாதுகாப்புத் துறை உற்பத்திக்கான சந்தை அது. தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனம் முன்னின்று நடத்தியது, முதலமைச்சர் ஸ்டாலின் தொடக்கி வைத்தார். வேடிக்கை பாக்கப் போற கண்காட்சி இல்லை இது. வெளிநாட்டுப் பெரிய கொம்பனியின் ஆள் ஒருத்தர் மேசையில் இருப்பார். கோயம்புத்தூரிலையோ ஓசூரிலையோ பட்டறை வைச்சிருக்கிறவர், முன்கூட்டியே நேரம் எடுத்து அவருக்கு முன்னால போய் இருப்பார். 'இந்தப் பாகத்தை இந்த அளவுத் துல்லியத்தில், இந்த விலைக்கு எங்களால செய்ய முடியும்' எண்டு பேசுவார். பேச்சு சரி வந்தால் பல வருசத்துக்கு வேலை.

தமிழ்நாடு இதை ஏன் இவ்வளவு ஆசையோட செய்யுது எண்டு விளங்குது. 2022இல் வெளியிட்ட கொள்கையில், பத்து வருசத்தில் 75,000 கோடி இந்திய ரூபா முதலீடும் ஒரு லட்சம் பேருக்கு வேலையும் இலக்கு எண்டு சொன்னார்கள். சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி ஐந்தையும் இணைத்து 2019இலேயே பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கியாச்சு. இந்தியா முழுவதும் 2024-25இல் ஏற்றுமதியான படைக்கலப் பொருட்களின் பெறுமதி 23,622 கோடி ரூபா.

இதைப் பார்த்து நாங்கள் நக்கலடிக்கப் போறதில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கு. ஜேர்மன் உதவியோட கட்டின தொழிற்பயிற்சி நிறுவனமும் அங்கதான் இருக்கு. படிச்சு முடிச்ச பொடியளும் பிள்ளைகளும் கொழும்புக்கோ கட்டாருக்கோ போகாமல் இஞ்சயே செய்யக்கூடிய வேலை எவ்வளவு இருக்கு? நாளைக்கு அப்பிடி ஒரு பட்டறை பரந்தனில் திறந்தால் விண்ணப்பத்தோட முதல் வரிசையில் நிக்கிறது நாங்களாத்தான் இருக்கும்.

ஆனால் இந்தச் சந்தையின் மற்ற முனையில் இருந்தவர்களும் நாங்கள்தான். 'கிபிர்' இஸ்ரேலில் செய்த ஒரு விமானத்தின் பெயர். இலங்கை விமானப்படை அதை 1996இல் வாங்கியது. வன்னியில் அது ஒரு கொம்பனிப் பொருளின் பெயராக இருக்கவில்லை. 'கிபிர் வருது' எண்டால் பங்கருக்குள்ள ஓடு எண்டு அர்த்தம். 2006 ஓகஸ்ட் 14 வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் நடந்ததை இஞ்ச யாருக்கும் விளக்கத் தேவையில்லை. படைக்கல வியாபாரத்தில் 'போர்க்களத்தில் நிரூபிக்கப்பட்டது' எண்டுறது விலையைக் கூட்டும் முத்திரை. நிரூபித்த இடங்களில் ஒண்டு எங்கட ஊர். போர் முடிஞ்சு இரண்டு வருசத்தில், 2011இல், இலங்கை இராணுவம் பல நாட்டு அதிகாரிகளைக் கொழும்புக்கு அழைத்து 'பயங்கரவாதத்தைத் தோற்கடித்தல்: இலங்கையின் அனுபவம்' எண்டு கருத்தரங்கே நடத்தியது. அந்த 'அனுபவம்' யாருடைய வளவுக்குள்ள நடந்தது எண்டு எங்களுக்குத் தெரியும்.

அதே கிபிரில் இன்னொரு கதையும் இருக்கு. விமானம் இஸ்ரேலுடையது, ஆனால் அதன் ஜே79 இயந்திரம் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் வடிவமைத்தது. அதனால வெளிநாட்டுக்கு விக்க வேணுமெண்டால் அமெரிக்காவின் சம்மதமும் வேணும். 1977இல் எக்வடோருக்கு விக்க இஸ்ரேல் வெளிக்கிட்டபோது கார்ட்டர் அரசு மறுத்தது, விற்பனை நிண்டுபோனது. முழு விமானத்தையும் அவர்கள் செய்யவில்லை, ஒரு பாகம்தான். அந்த ஒரு பாகமே 'இல்லை' எண்டு சொல்லப் போதுமாயிருந்தது.

நாங்கள் சொல்ல வாறது இதைத்தான். பாகம் செய்யிற இடத்துக்கு வேலையோட சேர்ந்து ஒரு சொல்லும் வருது. தமிழ்நாடு இப்ப வேகமாக அந்த இடத்துக்குப் போகுது, அந்தச் சொல்லைப் பற்றித்தான் ஒருத்தரும் கதைக்கிறதில்லை.

அது ஏட்டுக் கேள்வியும் இல்லை. 2024 மே மாதம், சென்னையிலிருந்து இஸ்ரேலின் ஹைஃபாவுக்கு வெடிபொருள் ஏற்றிக்கொண்டு போன 'மரியான் டானிகா' எண்ட கப்பல் கார்த்தகேனா துறைமுகத்தில் தரிக்க ஸ்பெயின் அனுமதி மறுத்தது. ஸ்பெயின் கேட்ட கேள்வியை, கப்பல் வெளிக்கிட்ட ஊரில் எத்தனை பேர் கேட்டார்கள்? அதே வருசம் செப்டெம்பரில், இஸ்ரேலுக்கான படைக்கல ஏற்றுமதியை நிறுத்தச் சொன்ன மனுவை இந்திய உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கையில் நீதிமன்றம் தலையிடாது எண்டுறதுதான் காரணம். அப்ப இதைக் கேக்க வேண்டியது மக்கள்தான்.

'நாங்கள் செய்யாட்டி வேற ஆரும் செய்வினம்' எண்டு சொல்லலாம். எக்வடோர் பிறகு வேற நாட்டு விமானம் வாங்கியதும் உண்மைதான். ஆனால் அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டால் உலகத்தில் எந்தப் பட்டறைக்கும் எந்தப் பொறுப்பும் மிஞ்சாது. 'விமானத்தொழில் வேற, ஆயுதம் வேற' எண்டும் சொல்லலாம். அதுவும் அவ்வளவு சுலபமில்லை. 2007இல் இஞ்சயிருந்து எழும்பிப் போய்க் கட்டுநாயக்காவில் குண்டு போட்ட புலிகளின் விமானம் செக் நாட்டில் பயிற்சிக்கெண்டு செய்த நாலு இருக்கை 'ஸ்லின்'. செய்த தொழிலாளி அதைக் கனவிலும் நினைச்சிருக்க மாட்டார். முகமாலையில் இராணுவம் புதைத்த பாகிஸ்தான் தயாரிப்பு மிதிவெடியும் இருந்தது, அதைப் பார்த்துப் புலிகள் செய்த 'ரங்கன் 99'உம் இருந்தது. கண்ணிவெடி அகற்றும் எங்கட அக்காமார் நிலத்தில் முட்டுக்காலில் இருந்து இரண்டையும்தான் கிண்டி எடுக்கினம். உற்பத்திக்குச் சில மாதம், துப்புரவாக்க இருபது வருசத்துக்கு மேல. இந்தக் கணக்கு எந்தச் சந்தையின் மேசையிலும் வைக்கப்படுறதில்லை.

அதனால தமிழ்நாட்டு நண்பர்களிடம் மூண்டு விசயம் கேக்கிறம். ஏற்றுமதி அனுமதி டெல்லியின் கையில எண்டு தெரியும். ஆனால் நிலமும் மானியமும் மாநில அரசு குடுக்கிறது. குடுக்கிறவருக்கு நிபந்தனை போட உரிமை இருக்கு.

முதலாவது, கணக்கைப் பிரிச்சுச் சொல்லச் சொல்லுங்கோ. முதலீட்டு அறிவிப்பில் பயணிகள் விமானப் பாகத்துக்கு எவ்வளவு, செய்மதிக்கு எவ்வளவு, ஆயுதத்துக்கு எவ்வளவு எண்டு தனித்தனியாக வரட்டும்.

இரண்டாவது, மானியம் வாங்கிற கொம்பனி மிதிவெடியும் கொத்துக்குண்டும், அவற்றின் பாகங்களும் செய்யிறதில்லை எண்டு எழுதிக் குடுக்கட்டும். இலங்கையே மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இலும் கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கையில் 2018இலும் சேர்ந்திட்டுது. இந்தியா இரண்டிலும் இல்லை.

மூண்டாவது, எந்த நாட்டுக்குப் போகுது எண்டு வெளியில சொல்லட்டும். 2008 செப்டெம்பரில் வவுனியா படைத்தளத் தாக்குதலில் இந்திய ரேடார் தொழில்நுட்பவியலாளர் இருவர் காயப்பட்ட பிறகுதான், அவர்கள் அங்க வேலை செய்த விசயமே தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியவந்தது. அடுத்த முறையும் அப்பிடித்தான் தெரியவர வேணுமா?

எங்கட பக்கமும் சுத்தமில்லை. 2013இல் ஐநா பொதுச்சபையில் ஆயுத வர்த்தக உடன்படிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது 154 நாடுகள் ஆதரித்தன. வாக்களிக்காமல் ஒதுங்கிய 23 நாடுகளில் இந்தியாவும் இலங்கையும் இருந்தன. 2025 ஏப்ரலில் இந்த இரண்டு அரசுகளும் பாதுகாப்பு ஒத்துழைப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒண்டில் கையெழுத்திட்டிருக்கின்றன. அதில் என்ன வாங்கப்படும், என்ன விக்கப்படும் எண்டு கேக்கிற வேலை எங்கட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இருக்கு, அவர்களிட்டக் கேக்கிற வேலை எங்களுக்கு இருக்கு.

அறிவியல்நகரில் படிக்கிற எங்கட நண்பர்களில் சிலர் நாளைக்கு இந்தத் துறைக்குள்ள போவினம், சிலர் சென்னையிலேயே வேலை எடுப்பினம். போகட்டும், நல்லாய் வரட்டும். வரைபடத்தைக் கையில வாங்கேக்க அளவு, உலோகம், துல்லியம் எல்லாம் கேப்பினம்தானே. அதோட 'இது எங்க போய்ப் பூட்டுப்படும்?' எண்டதையும் கேக்கட்டும்.