கம்பெனி போயி எழுபது வருஷமாச்சு, சுவரு மட்டும் போகல

மக்களே, முதல்ல ஒரு சின்னக் கணக்கு. நம்ம திண்டுக்கல் ஜங்ஷன்ல வைகையிலயோ பாண்டியன்லயோ ஏறினா சென்னை எழும்பூர்ல இறங்குவீங்க. அதே ஜங்ஷன்ல, பழனி வழியா வர்ற பாலக்காடு - சென்னை எக்ஸ்பிரஸ்ல ஏறினா சென்ட்ரல்ல இறங்குவீங்க. ஏறுற இடம் ஒண்ணு, போற ஊரு ஒண்ணு. இறங்குற இடம் மட்டும் ரெண்டு. ரெண்டுக்கும் நடுவுல தூரம் என்னவோ ரெண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனா மூட்டை முடிச்சோட, வயசான அம்மாவையும் கூட்டிக்கிட்டு அந்த ரெண்டு கிலோமீட்டரைத் தாண்டிப் பாருங்க. திண்டுக்கல்ல இருந்து வந்த தூரம் பெருசா தெரியாது.

ஏன் இப்படி? காரணம் ரொம்பப் பழசு. வெள்ளைக்காரன் காலத்துல ரயில் ஓட்டினது தனித்தனி கம்பெனிங்க. மெட்ராஸ் ரயில்வே 1856-ல ராயபுரத்துல இருந்து வண்டி விட்டுது. 1873-ல சென்ட்ரல் வந்துச்சு. தெற்கே போற வண்டிகளை வச்சிருந்த சௌத் இந்தியன் ரயில்வே 1908-ல எழும்பூர் ஸ்டேஷனைத் திறந்துச்சு. அவன் கடை வேற, இவன் கடை வேற. அவனுக்கு அகலப்பாதை, இவனுக்கு மீட்டர் கேஜ். போட்டிக் கம்பெனிகள் ஆளுக்கொரு வாசல் வச்சுக்கிட்டதுல ஆச்சரியம் எதுவும் இல்ல.

ஆனா 1951 ஏப்ரல் 14-ல இந்தக் கம்பெனிகளை எல்லாம் ஒண்ணாச் சேர்த்துத்தானே தெற்கு ரயில்வேயை உண்டாக்கினாங்க? அப்புறமும் "ரெண்டும் வேற வேற கேஜுங்க, என்ன பண்றது"ன்னு ஒரு சாக்கு இருந்துச்சு. 2004 ஜூலையில கடற்கரை - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயிலும் நின்னதோட அந்தச் சாக்கும் போச்சு. ஏட்டுல சேர்ந்து எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. தரையில இன்னும் சேரல. இதுதாங்க என் வயித்தெரிச்சல்.

பழசுதான் அப்படின்னா, புதுசா கட்டினவங்களாவது ஒழுங்கா கட்டினாங்களா? சென்ட்ரல் வாசல்ல நின்னு எண்ணிப் பாருங்க. வெளியூர் வண்டிக்கு சென்ட்ரல். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி லோக்கலுக்குப் பக்கத்துலயே மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். தாம்பரம் லோக்கலுக்கு ரோட்டுக்கு அந்தப்பக்கம் பார்க். பறக்கும் ரயிலுக்கு பார்க் டவுன். பூமிக்கு அடியில 2018-ல வந்த மெட்ரோ. ஒரு கல்லு விட்டெறியுற தூரத்துல அஞ்சு ஸ்டேஷன்! தங்கத்துல இழைச்ச மாதிரி ஒரு ஊருக்கு வாய்க்க வேண்டிய சந்திப்பு இது. நமக்கு வாய்ச்சது படிக்கட்டு ஏறி இறங்குற பயிற்சி :-)

பறக்கும் ரயில் கதை இன்னும் வேடிக்கை. 1995-ல சேப்பாக்கம், 1997-ல மயிலாப்பூர், 2007-ல வேளச்சேரி. அங்க இருந்து பரங்கிமலைக்கு அஞ்சு கிலோமீட்டர் போனா லோக்கலோடயும் மெட்ரோவோடயும் சேர்ந்துடும். 2008-ல ஆரம்பிச்ச அந்த வேலை, ஆதம்பாக்கம் பக்கத்துல அரை கிலோமீட்டர் நிலத்துக்காக வருஷக்கணக்கா கோர்ட்டுல கெடந்து, மொத்தத்துல பதினஞ்சு வருஷத்துக்கு மேல இழுத்துச்சு. நிலம் எடுத்துத் தர வேண்டியது மாநில அரசு. தண்டவாளம் போட வேண்டியது ரயில்வே. ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காராம, ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டிக்கிட்டே ஒரு தலைமுறைப் புள்ளைங்க படிச்சு முடிச்சு வேலைக்கே போயிட்டாங்க.

அப்புறம் நாலாவது தண்டவாளம். எழும்பூர்ல இருந்து கடற்கரைக்கு 4.3 கிலோமீட்டர். தெற்கே தாம்பரம் பக்கம் நாலு தண்டவாளம் இருக்க, இந்தத் துண்டுல மூணுதான் இருந்துச்சு. தெற்கு வண்டிக்கும் வடக்கு வண்டிக்கும் ஊருக்குள்ள இருக்குற இணைப்பே இந்தக் கழுத்துதான். அதனால வேலை தேவையானது, அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல. இடம் பத்தலைன்னு 2023 ஆகஸ்ட் 27-ல இருந்து கடற்கரை - சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயிலை நிறுத்தினாங்க. ஏழு மாசம்னு சொன்னாங்க. திரும்ப ஓடினது 2024 அக்டோபர் 29. எண்ணிக்கோங்க, பதினாலு மாசம்.

இதுல கேள்வி தாமதம் பத்தி மட்டும் இல்ல. ரயிலை நிறுத்தினது ஒரு துறை. மாத்து பஸ் விட வேண்டியது இன்னொரு துறை. பக்கத்துலயே ஓடுற மெட்ரோ மூணாவது நிறுவனம். எட்டாவது மாசம் சிந்தாதிரிப்பேட்டையில இறங்கி பஸ்ஸுக்கு நின்ன ஜனத்துக்கு யாரு பதில் சொல்லணும்? மூணு பேருமே "அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்க"ன்னு சொல்லலாம். மூணு பேரும் சொல்றது நிஜமாவும் இருக்கும். அதுதான் கொடுமையே.

"இதெல்லாம் நடக்குற காரியமா"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு உதாரணம். அமெரிக்காவுல இந்தியானா மாநிலத்துல லாஃபயெட்னு ஒரு ஊரு. நம்ம திண்டுக்கல் அளவுக்குக் கூட பெரிய ஊரு இல்ல. ஊருக்கு நடுவுல ஐந்தாம் தெருவுல, கடைக்கும் வீட்டுக்கும் இடையில, நடுரோட்டுலயே சரக்கு ரயில் ஓடிக்கிட்டு இருந்துச்சு. வேற ஒரு கம்பெனியோட பாதை ஊரை இன்னொரு பக்கம் அறுத்துக்கிட்டுப் போச்சு. நகர நிர்வாகம் முன்னால நின்னு, ரெண்டு கம்பெனியையும் உக்கார வச்சுப் பேசி, ரெண்டு பாதையையும் ஆத்தோரமா ஒரே தடத்துக்குக் கொண்டுபோனாங்க. 1994-ல அந்தத் தெருவுல ரயில் நின்னுச்சு. முழு வேலையும் முடிய இன்னும் சில வருஷம் ஆச்சு. கவனிக்க வேண்டியது: அங்க இருந்தது லாபத்துக்கு ஓட்டுற தனியார் கம்பெனிங்க. அவங்களையே ஒரு ஊரு உக்கார வைக்க முடிஞ்சிருக்கு. இங்க மூணும் நம்ம வரிப்பணத்துல ஓடுற அரசாங்க அமைப்பு. இதுங்களை உக்கார வைக்க முடியாதா?

நம்மகிட்டயும் சட்டம் இல்லாம இல்ல. சென்னை ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-லயே சட்டம் போட்டாச்சு, நடைமுறைக்கு வந்தது 2019-ல. 2025 செப்டம்பர்ல பஸ், மெட்ரோ, லோக்கல் எல்லாத்துக்கும் ஒரே செயலியில டிக்கெட்னு 'சென்னை ஒன்' வந்துச்சு. பறக்கும் ரயிலை மெட்ரோகிட்ட ஒப்படைக்க அதே 2025-ல ரயில்வே வாரியம் கொள்கை அளவுல சம்மதமும் குடுத்துச்சு. நல்ல விஷயம்தான், கை தட்டுறேன். ஆனா ரெண்டு எச்சரிக்கை.

ஒண்ணு, சேர்க்கிறேன்னு சொல்லிக் கட்டணத்தை ஏத்தக் கூடாது. லோக்கல், பறக்கும் ரயில்ல குறைஞ்ச டிக்கெட் 5 ரூபா. மெட்ரோவுல 10. சீசன் டிக்கெட் எடுத்து வீட்டு வேலைக்கும் பூக்கடைக்கும் போற பொம்பளைங்க பறக்கும் ரயில்ல எத்தனை பேருன்னு ஒருநாள் காலையில போய்ப் பாருங்க. தண்டவாளத்தைச் சேருங்க, அவங்க சுருக்குப்பையில கை வைக்காதீங்க.

ரெண்டு, போர்டை மாத்திட்டு "இணைச்சாச்சு"ன்னு சொல்லக் கூடாது. செல்போன்ல டிக்கெட் ஒண்ணாயிடும், சரி. கால் நடக்குறது தரையிலதானே? ஒரு வண்டியில இறங்கினவன் வெளிய வந்து, ரோட்டைத் தாண்டி, மறுபடி ஒரு வாசல்ல நுழையாம அடுத்த வண்டியில ஏறினான்னா அதுதான் இணைப்பு. பாக்கி எல்லாம் ரிப்பன் வெட்டு.

"அதுக்குப் பணம்?"னு ஒரு அண்ணன் கண்டிப்பா கேப்பாரு. அண்ணே, தண்டவாளம் இருக்கு, ஸ்டேஷன் இருக்கு, வண்டியும் இருக்கு. இல்லாதது நாலு நடைவழி, நேரம் ஒத்துப்போற ஒரு கால அட்டவணை, ஒரு வேலைக்காக ரயிலை நிறுத்துறதுக்கு முன்னாடி மூணு துறையும் கையெழுத்துப் போட்ட மாத்து ஏற்பாடு. இதுக்கெல்லாம் ஒரு புதுப் பாலத்துக்கு ஆகுற செலவு ஆகாது. ஆனா இதுல பேர் பொறிச்ச கல்வெட்டு வைக்க இடம் இல்ல. அதான் பிரச்சினை.

கீரனூர்க்காரனுக்கு சென்னை தண்டவாளத்தைப் பத்தி என்னன்னு கேக்கலாம். இதே வியாதிதான் எங்க வீட்டுலயும். திண்டுக்கல் - பொள்ளாச்சி மீட்டர் கேஜை 2009-ல நிறுத்தினாங்க. பழனிக்கு அகலப்பாதை வண்டி வர 2012, பொள்ளாச்சிக்கு 2015, போத்தனூருக்கு 2017. கோயமுத்தூர் போற அந்த ஒரு பாதை மதுரை, பாலக்காடு, சேலம்னு மூணு கோட்டத்துக்குப் பங்கு போச்சு. மூணு வீட்டுக்குப் பொதுவான கிணத்தை யாரு தூர் வாருவா? ஈரோட்டுல இருந்து தாராபுரம் வழியா பழனிக்கு 91 கிலோமீட்டர் புதுப்பாதைன்னு 2000-களோட கடைசியில பட்ஜெட்டுல அறிவிச்சாங்க. செலவுல பாதி யாரு, நிலம் யாருன்னு மத்தியும் மாநிலமும் பேசிக்கிட்டே காகிதத்துல கெடந்துச்சு. சென்னையில ரோட்டைத் தாண்ட விடாத சுவரும், தாராபுரம் பக்கம் ரயிலை வர விடாத சுவரும் ஒரே கொத்தனார் கட்டினதுதாங்க.

அதனால சென்னை ஜனம் இதைக் கேக்கும்போது நாமளும் சேர்ந்து கேக்கணும். தலைநகரத்துலயே ரயில்வேயையும் மாநிலத்தையும் ஒரு மேசையில உக்கார வைக்க முடியலைன்னா, நம்ம பக்கம் எவன் வந்து உக்காருவான்?

பி.கு: கீரனூர்ல ஸ்டேஷன் இருக்கேன்னு சொல்லி யாரும் வராதீங்க. அது திருச்சி - புதுக்கோட்டை லைன்ல இருக்குற கீரனூர். நாங்க பழனிக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல இருக்குற கீரனூர். எங்களுக்கு பஸ்தான் :-(